பெருந்தொற்றுக்கு வீட்டை ஆயத்தப்படுத்துதல்: மூன்று நாளா, இரண்டு வாரமா, மூன்று மாதமா?

புயலுக்கோ வெள்ளத்துக்கோ வீட்டை ஆயத்தப்படுத்துவோர், கடையும் சாலையும் மின்சாரமும் ஒரே நாளில் அற்றுப்போய்ச் சில நாள்களில் மெல்லத் திரும்பிவரும் என்று எண்ணியே பொருள் சேர்க்கிறார்கள். பெருந்தொற்று அப்படி வருவதில்லை. கோவிட்-19 தொடர்பாக உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசர நிலையை அறிவித்தது 2020 ஜனவரி 30 அன்று; அதைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது மார்ச் 11 அன்று; அவசர நிலை முடிவுக்கு வந்ததாக அறிவித்தது 2023 மே 5 அன்று. முதல் இரண்டு தேதிகளுக்கும் இடையே 41 நாள்கள் இருந்தன. மொத்தக் காலமோ மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. 1918இல் தொடங்கிய இன்ஃபுளுவென்சாவும் ஒரே அடியாக அடித்து ஓயாமல், அந்த ஆண்டின் முற்பகுதியில் ஒன்று, பிற்பகுதியில் ஒன்று, 1919இல் ஒன்று என மூன்று அலைகளாக வந்தது. முன்னறிவிப்பும் நீளம், இடையூறும் நீளம். ஆனால் இடையூறு எந்த நாளிலும் முழுமையாக இருப்பதில்லை. கடை திறந்திருக்கும், போக முடியாது. போக முடிந்தால் வேண்டிய பொருள் இருக்காது. பொருள் இருக்கும்போது அதை வாங்கும் வருமானம் நின்றிருக்கும்.

எனவே வீட்டில் எவ்வளவு இருப்பு வைத்துக்கொள்வது, எந்த வடிவில் வைத்துக்கொள்வது என்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விடை சொல்ல இயலாது. மூன்று நாள் இருப்பு, இரண்டு வாரச் சுழற்சி இருப்பு, மூன்று மாதக் களஞ்சியம், பொருளுக்குப் பதிலாகப் பணம், அக்கம்பக்கத்தாருடன் கூட்டு ஏற்பாடு என ஐந்து வழிகள் பொதுவாகப் பேசப்படுகின்றன. இவற்றை ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் சற்று வேறானது. எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்ப்பதைவிட, வீட்டில் சமைப்பவரும் வாங்கிவருபவரும் பிள்ளைகளையும் முதியோரையும் கவனிப்பவரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் இந்த ஏற்பாடு தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பெருந்தொற்றில் வீட்டுக்குள் முதலில் பற்றாக்குறையாவது பெரும்பாலும் உணவன்று, வேலை செய்யும் கைகளே.

அரசுகள் சொல்லும் அளவுகள்

அரசுகளின் அறிவுரைகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பின்லாந்து நெடுங்காலமாக 72 மணி நேரத்தை அளவாகச் சொல்லிவருகிறது. ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆயத்தநிலைத் திட்டமும் அதே 72 மணி நேரத்தையே குறிப்பிட்டது. சுவீடன் ஒரு வாரம் என்கிறது. ஜெர்மனியின் குடிமக்கள் பாதுகாப்புத் துறை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் என்ற கணக்கோடு பத்து நாள்களைப் பரிந்துரைத்துள்ளது. அமெரிக்க அரசு, குறிப்பாக இன்ஃபுளுவென்சாப் பெருந்தொற்றை மனத்தில் வைத்து எழுதிய வீட்டு அறிவுரையில் இரண்டு வாரம் என்றது.

இந்த வேறுபாடு அலட்சியத்தால் வந்ததன்று. மூன்று நாள் என்பது மீட்புக் குழுவினர் வந்து சேரவும், அறுந்த கம்பிகளை இணைக்கவும் ஆகும் காலத்தை ஒட்டிய கணக்கு. பெருந்தொற்றில் வெளியிலிருந்து யாரும் மீட்க வரப்போவதில்லை. வாசலில் நிற்பவரைக் கூட உள்ளே விட முடியாத நிலைமை அது. அங்கே கணக்கை நிர்ணயிப்பது நோயின் நாள்காட்டி. கோவிட்டின் தொடக்கத்தில், தொற்றியபின் அறிகுறி தோன்ற 14 நாள் வரை ஆகலாம் என்ற அடிப்படையில்தான் 14 நாள் தனிமை வகுக்கப்பட்டது. நான்கு பேர் வாழும் வீட்டில் நால்வரும் ஒரே நாளில் நோயுறுவதும் அரிது. ஒருவர் தேறி எழும்போது இன்னொருவர் படுப்பார். இந்தக் காரணத்தாலேயே மூன்று நாள் இருப்பை, அது இல்லாமலிருப்பதைவிட நல்லது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். வேறு பேரிடர்களுக்கு அது போதலாம், இதற்குப் போதாது.

மூன்று மாதக் களஞ்சியம்

மறுமுனையில் நிற்பது, ஒரு பருவத்துக்கே வேண்டியதை ஒரே மூச்சில் வாங்கி அடுக்கும் வழி. அதன் கவர்ச்சி எளிதில் விளங்குகிறது: கதவைச் சாத்திக்கொண்டால் உலகம் எப்படிப் போனாலும் கவலையில்லை என்ற எண்ணம். ஆனால் எண்களை எழுதிப் பார்த்தால் படம் மாறுகிறது. உலர்ந்த தானியமும் பருப்பும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கிலோகலோரியும், எண்ணெய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 900 கிலோகலோரியும் தருகின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம், 80 கிராம் பருப்பு, 35 கிராம் எண்ணெய் என்று வைத்தால் ஏறத்தாழ 2,000 கிலோகலோரி கிடைக்கிறது. இதே கணக்கில் நால்வருக்கு இரண்டு வாரத்துக்கு 22 முதல் 23 கிலோ தானியம், நாலரைக் கிலோ பருப்பு, இரண்டு கிலோ எண்ணெய் போதும். ஒரு சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் அடங்கிவிடும். 90 நாளுக்கோ 144 கிலோ தானியமும் 29 கிலோ பருப்பும் 12 கிலோவுக்கு மேல் எண்ணெயும் தேவைப்படுகின்றன. தனி அறையோ பெரிய கலன்களோ இல்லாத வீட்டில் இவை கட்டிலுக்கு அடியிலும் நடைவழியிலும்தான் இடம் பிடிக்கும்.

இடம் கிடைத்துவிட்டாலும் சேமிப்பு தானாக நிலைத்திருப்பதில்லை. ஈரப்பதம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். மூட்டையோடு வந்த முட்டைகளிலிருந்து வண்டும் அந்துப்பூச்சியும் கிளம்பும். தவிடு நீக்காத தானியத்தின் மாவும் திறந்த எண்ணெயும் சில மாதங்களில் காறல் வாடை அடிக்கும். தானியத்தை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாள் உறையவைத்தால் பூச்சியின் முட்டைகள் அழியும் என்பது உண்மை. ஆனால் 144 கிலோவை எந்த வீட்டு உறைபெட்டி கொள்ளும்? கையில் இருந்த பணம் முழுவதும் மூட்டைகளாக மாறிவிட்டால், மருந்துக்கும் வாடகைக்கும் கடன் வாங்க நேரும். இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்றுண்டு. மூட்டையில் இருப்பது உணவன்று, உணவுக்கான மூலப்பொருள். காய்ச்சலில் கிடக்கும் ஒருவர் எழுந்து அதைக் களைந்து, ஊறவைத்து, வேகவைத்தால்தான் அது உணவாகும். மேலே சொன்ன அளவுகோலில் இந்த வழி தோற்கும் இடம் இதுதான். போக்குவரத்து அரிதாக எட்டும் தீவிலோ மலைப்பகுதியிலோ, களஞ்சியமும் பெரிய குடும்பமும் உள்ள வீட்டிலோ இதைத் தேர்வதில் நியாயம் இருக்கிறது. நகரத்துச் சிறு வீட்டில் அந்த நியாயம் எனக்குத் தென்படவில்லை.

இரண்டு வாரச் சுழற்சி

இந்த வழியில் தனிக் களஞ்சியம் என்று ஒன்று கிடையாது. அன்றாடம் உண்ணும் பொருள்களையே வழக்கத்தைவிட ஆழமாக வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்கி, முன்னது தீரும்போது அதற்கு ஈடு வாங்கிவைப்பது மட்டுமே வேலை. வாங்கிய மாதத்தை உறையின் மேல் பேனாவால் எழுதிவைத்தால் போதும். வீட்டார் விரும்பி உண்ணாத எதையும், அது எத்தனை ஆண்டு கெடாதென்று அச்சிட்டிருந்தாலும், இந்த அடுக்கில் சேர்க்கக் கூடாது. சுழலாத பொருள் அங்கேயே கிடந்து கெடும்.

இந்த முறையின் வலு எனக்குப் புலப்பட்டது அந்த 41 நாள் கணக்கை மீண்டும் பார்த்தபோதுதான். வாரந்தோறும் வழக்கமான கொள்முதலோடு மூன்று நாளுக்கானதை மட்டும் கூடுதலாக வாங்குபவர் ஐந்தே வாரத்தில், அதாவது 35 நாளில், இரண்டு வார இருப்பை எட்டிவிடுகிறார். இரண்டு நாளுக்கானது மட்டுமே முடியும் என்றால் ஏழு வாரம் ஆகும். 41 நாளைச் சற்றே தாண்டிவிடுகிறது என்பதால் அவர் செய்தி வருவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அவசர நிலை அறிவிக்கப்பட்ட அன்று தொடங்கியிருந்தாலும், மார்ச் நெருக்கடி மூள்வதற்குள், ஒருமுறை கூட வண்டி நிறைய வாரிக்கொண்டு வராமலேயே ஒரு வீடு ஆயத்தமாகியிருக்கலாம்.

பதுக்கல் என்ற பழியும் இதற்குப் பொருந்தாது. கடைகள் சில நாள் விற்பனைக்கான இருப்பை வைத்துக்கொண்டே இயங்குகின்றன. எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் ஒரு வாரச் சரக்கைக் கூடுதலாகக் கேட்டால், உற்பத்தியில் குறையே இல்லாவிட்டாலும் தட்டுகள் காலியாகும். 2020இல் பல நாடுகளில் கழிப்பறைத் தாள் காணாமற்போனதற்கு அச்சம் ஒரு காரணம். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஆன பயன்பாடு வீடுகளுக்கு இடம்பெயர்ந்ததும், வீட்டுக்கும் நிறுவனங்களுக்குமான உருளைகள் தனித்தனி ஆலை வரிசைகளில், தனித்தனி அளவுகளில் செய்யப்படுவதும் இன்னொரு காரணம். முன்கூட்டியே சிறுகச் சிறுக வாங்கியவர் அந்த வாரத்தில் வரிசையில் நிற்காததால், பிறருக்கு இடம் விட்டவராகிறார்.

ஆனால் இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டுப் பதினான்கு நாளையும் ஒரே தன்மையான சரக்கால் நிரப்புவதை நான் ஏற்கமாட்டேன். பத்து நாளுக்கானது வழக்கம்போல் சமைக்க வேண்டியதாக இருக்கலாம். மீதி நான்கு நாளுக்கானதாவது, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற வகையிலோ, உறையைப் பிரித்து அப்படியே உண்ணும் வகையிலோ, வீட்டின் மூத்த குழந்தையே எடுத்துப் பரிமாறும்படி எளிதாக இருக்க வேண்டும். உறைபெட்டியை நம்புவோர், மின்சாரம் நின்றால் திறக்காத குளிர்பெட்டி நான்கு மணி நேரமும் நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும் மட்டுமே தாங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெருந்தொற்றில் மின்சாரம் நிற்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் புயல்களும் வராமல் இருக்கவில்லை. குடிநீரையும் இதே கண்ணோடு பார்க்கலாம்: சில நாளுக்கான மூடிய கலன் நீரும் கொதிக்கவைக்கும் வசதியும் போதும். கொதி வந்தபின் ஒரு நிமிடம் வைத்தால் கிருமிகள் அழியும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம் வைக்க வேண்டும்.

பொருளா, பணமா?

எதையும் வாங்கி அடுக்காமல் அதே தொகையைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது மேல் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. பணம் கெடாது, வண்டு பிடிக்காது, எந்தத் தேவையாகவும் மாறும். பெருந்தொற்று வீடுகளுக்கு இழைத்த தீங்குகளில் மிக நீண்டது வேலை இழப்பும் வருமானத் தடையுமே, அதை எந்த மூட்டையும் ஈடுசெய்யாது. ஆனால் கதவுக்கு வெளியே போகக் கூடாத 14 நாளில் பணம் தானே நடந்துபோய்ப் பொருளாகத் திரும்பிவராது. கொண்டுவந்து தருவோரும் அதே நாளில் படுத்திருக்கலாம். எனவே இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதாமல், காலத்தால் பிரித்துக்கொள்வதே முறை: முதல் இரண்டு வாரத்துக்குப் பொருள், அதற்கப்பால் வரும் மாதங்களுக்குப் பணம். மூன்று மாதக் களஞ்சியத்துக்குச் செலவாகும் தொகையில் இரண்டு வார இருப்பைக் கழித்துவிட்டு மீதியைச் சேமிப்பாக வைத்திருப்பவர் இரண்டு நன்மையையும் பெறுகிறார்.

மருந்தில் கணக்கு தலைகீழாகிறது

உணவுக்கு மூன்று மாதம் வேண்டாம் என்று சொன்ன நான், நாள்பட்ட நோய்க்கான மருந்துக்கு மட்டும், மருத்துவர் எழுதித்தர ஒப்பினால், மூன்று மாதமே சரி என்பேன். ஒரு தானியம் கிடைக்காவிட்டால் இன்னொன்றை உண்ணலாம். இரத்த அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ தைராய்டுக்கோ எடுக்கும் மாத்திரையை அப்படி மாற்ற முடியாது. அளவும் சிறிது, இடமும் சிறிது. தட்டுப்பாடு எதிர்பாராத திசையிலிருந்து வரும் என்பதற்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினே சான்று: 2020இல் அது கோவிட்டைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவியதும், லூபஸ் என்ற நாள்பட்ட நோய்க்காக ஆண்டுக்கணக்கில் அதை உட்கொண்டுவந்தோர் அது கிடைக்காமல் அலைந்தனர். இன்சுலின் மட்டும் விதிவிலக்கு. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. திறந்தபின் பெரும்பாலான வகைகள் 28 நாளே பயன்படும். அங்கே மருந்தோடு குளிர்வசதியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பிகளை முன்னெச்சரிக்கையாக வாங்கிவைப்பதில் பயனில்லை. அவை வைரசைத் தொடுவதில்லை.

நோயாளியைக் கவனிக்கும் பெட்டியில் வைக்க வேண்டியவை கொஞ்சமே. வெப்பமானி, பாராசிட்டமால், வாய்வழி நீரேற்ற உப்புப் பொட்டலம், முகக்கவசம், விரல்நுனி ஆக்சிஜன் மானி ஆகிய ஐந்தும் இருந்தால் பெரும்பாலான வீடுகள் சமாளித்துவிடும். பாராசிட்டமாலில் பெரியவருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 4 கிராம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து மறைந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உப்புப் பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் மானியில் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருத்துவரை நாட வேண்டும் என்பதே கோவிட் காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது. ஆனால் குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும், கருநிறத் தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால், ஆளையே நம்ப வேண்டும்.

கிருமிநாசினிக்கும் காற்றோட்டத்துக்கும் இடையே தேர்வதென்றால் சன்னலைத் தேர்வேன். வாங்கிவந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் துடைத்துக் காயவைத்த அந்த நாள்களின் உழைப்பில் பெரும்பகுதி வீணானது. மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. சுவாசத்தால் பரவும் நோய்க்கு, வெளிக்காற்று வரும் அறை ஒன்றை நோயாளிக்கென முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதும், உள்ளே செல்பவருக்கு என்95 தரத்துக் கவசம் சில வைத்திருப்பதும் குப்பி குப்பியாகத் திரவம் சேர்ப்பதைவிட மேல். தனி அறைக்கு வழியில்லாத வீட்டில் படுக்கைகளைச் சன்னல் பக்கம் மாற்றி, இடைவெளியை இயன்றவரை கூட்டுவதே செய்யக்கூடியது. கை கழுவச் சோப்பு எப்படியும் வேண்டும். அது வேறு பல நோய்களையும் தடுக்கிறது.

அக்கம்பக்கத்தாரோடு கூட்டு

கைகளின் பற்றாக்குறைக்கு நேரடியான மருந்து இதுவே, இருந்தும் பட்டியல்களில் கடைசியாக வருகிறது. நியூசிலாந்து 2020 மார்ச்சில் முழுமுடக்கத்தை அறிவித்தபோது, ஒவ்வொரு வீட்டையும் வெளியாரோடு கலக்காத ஒரு ‘குமிழி’ என்று கருதச் சொன்னது; இங்கிலாந்து அதே ஆண்டு ஜூனில், தனித்து வாழும் பெரியவர் வேறொரு வீட்டோடு இணைந்துகொள்ள அனுமதித்தது. தனித்திருப்போரை உணவால் மட்டும் காப்பாற்ற முடியாது என்று அரசுகளே உணர்ந்ததன் அடையாளம் அது. இரண்டு மூன்று வீடுகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால், எந்த வீடு படுத்தாலும் மற்றது சமைத்து வாசலில் வைக்கலாம், மருந்து வாங்கித் தரலாம், நாள்தோறும் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்கலாம். இதன் பலவீனம், எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் படுக்கக்கூடும் என்பதும், மனத்தாங்கல் இருந்தால் ஏற்பாடு நின்றுவிடும் என்பதும். ஆகவே இருப்புக்கு மாற்றாக இதை எண்ணக் கூடாது. இருப்பு பாதியாகக் குறைந்தாலும் வீடு தாங்கும் அளவுக்கு அதைத் தாங்கிப்பிடிப்பதாக எண்ணலாம்.

அந்த ஏற்பாடு செயல்பட, ஒரு தாள் தேவை. யார் என்ன மருந்து எந்த அளவில் உட்கொள்கிறார், எதற்கு ஒவ்வாமை, மருத்துவரின் எண், கைக்குழந்தையின் உணவு நேரம், முதியவரின் வழக்கங்கள், எரிபொருள் மாற்றும் முறை, கட்டணங்கள் செலுத்தும் வழி ஆகியவற்றை எழுதி, வீட்டை அறியாத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி வைத்திருக்க வேண்டும். பல வீடுகளில் இவை அனைத்தும் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கின்றன. அவர் 39 டிகிரிக் காய்ச்சலில் இருக்கும்போது கேட்டு அறிவது இயலாத செயல்.

யாருக்கு எது

வழக்கமான வருமானமுள்ள, சிறிய வீட்டில் வாழும் குடும்பத்துக்கு நான் சொல்வது: இரண்டு வாரச் சுழற்சி, மூன்று மாத மருந்து, மீதிக்குச் சேமிப்பு, ஒரு வீட்டோடாவது வாய்மொழி ஒப்பந்தம். தனித்து வாழும் முதியவருக்கு ஒப்பந்தமே முதலில் வர வேண்டும். உணவு நான்காம் இடத்துக்குப் போனாலும் தவறில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில், பால்மாவு ஊட்டுவதாயின் அதற்கு மட்டும் இரண்டு வாரத்தைத் தாண்டிக் கையிருப்பு வைப்பது நியாயமே, ஏனெனில் அதற்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் பாதுகாப்பான மாற்று இல்லை.

அன்றாடக் கூலியில் வாழ்வோரிடம் இரண்டு வார இருப்பு என்று சொல்வது எளிது, செய்வது கடினம். அவர்களுக்கு இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அவர்களுடைய ஆயத்தம் வீட்டுக்குள் அன்றி, ஊரும் அரசும் செய்யும் ஏற்பாட்டில்தான் தொடங்க முடியும். இயன்றால் செய்யக்கூடிய வரிசை மட்டும் இதுதான்: முதல் வாரத்தில் செலவே இல்லாத அந்தத் தாளை எழுதுதல், பக்கத்து வீட்டாரிடம் பேசுதல், இரண்டாம் வாரத்தில் வெப்பமானியும் பாராசிட்டமாலும் வாங்குதல், அதன்பின் சமைக்காமல் உண்ணக்கூடிய ஒரு நாள் உணவு, பிறகு இன்னொரு நாளுக்கானது.